திங்கக்கிழமை உப்புமான்னு தெரியுது, திங்கக்கிழமை என்ன பாடம்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இந்த முதல் வரிய போன்ல டைப் பண்றப்பவே மூணாங்கிளாஸ் படிக்கிற என் பொண்ணு எட்டிப் பாத்துட்டு, ஏம்மா எங்க டீச்சருக்கா லெட்டர் எழுதற, நான் ஒன்னும் பண்ணலியேங்கறா. இல்ல கண்ணு, இது பேப்பர் ஆசிரியருக்குன்னு சொல்லி சமாதானப்படுத்தினேன். பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்கும் நடுவுல சேதி போச்சுன்னா அது புகாராத்தான் இருக்கும்னு எட்டு வயசு புள்ளைக்கே தெரிஞ்சிருக்குதுங்க, நான் எழுத வந்ததே அதப் பத்தித்தான்.

நான் திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில செக்கிங் வேலை பாக்கறேன். வீட்டுக்காரர் பவர் டேபிள் டைலர், அதாவது கரண்டு மெசின்ல தைக்கறவர். ரெண்டு பேருக்கும் ஒன்னரை ஷிப்டு, அதாவது காலைல எட்டரைக்குப் போனா நைட்டு எட்டரை. சீசன் நேரத்துல அதுக்கும் மேல போகும். பாப்பா பக்கத்துல இருக்கற அரசு தொடக்கப் பள்ளில படிக்கறா, நாலு மணிக்கு மேல எங்க மாமியார்தான் கூட்டிட்டு வருவாங்க, அவங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நாங்க வீட்டுக்கு வரப்போ அவ பாதி தூக்கத்துல இருப்பா. சோறு ஊட்டிக்கிட்டே "இன்னைக்கு என்ன கண்ணு படிச்ச"ன்னு கேப்பேன், "ஒன்னுமில்ல"ம்பா. எந்த வீட்ல கேட்டாலும் இதே பதில்தான்னு நெனைக்கறேன். ஆனா "காலைல என்ன சாப்ட்ட"ன்னு கேட்டா டக்குனு பதில் வரும், கிச்சடின்னு.

அவ சொல்லாட்டியும் அது எனக்குத் தெரியுங்க. ஏன்னா ஸ்கூல் செவுத்துல எழுதி வச்சிருக்காங்க. திங்கள் உப்புமா, செவ்வாய் கிச்சடி, புதன் பொங்கல்னு வரிசையா இருக்கு. மத்தியான சத்துணவுக்கும் அப்படித்தான் எந்த நாள் என்ன சாதம்னு பட்டியல் இருக்கு. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர்ல மதுரைல ஆரம்பிச்சு அடுத்த வருசமே எல்லா அரசு தொடக்கப் பள்ளிக்கும் வந்துச்சு, அதுல எனக்கு ஒரு குறையும் இல்ல, காலைல ஏழு மணிக்கு அடுப்புக்கும் பஸ்சுக்கும் நடுவுல ஓடற எங்கள மாதிரி பொம்பளைங்களுக்கு அது எவ்ளோ பெரிய விசயம்னு எங்களுக்குத்தான் தெரியும். நான் கேக்கறது ஒன்னே ஒன்னுதான், புதன்கிழமை எம்புள்ள வயித்துக்குள்ள என்ன போகப் போவுதுன்னு ரோட்ல போறவங்களுக்குக் கூட தெரியுது, அதே புதன்கிழமை அவ மண்டைக்குள்ள என்ன போகப் போவுதுன்னு பெத்தவளுக்குத் தெரியலியே, இது ஏன்?

வாட்சப் குரூப் இருக்கே அதுல போட மாட்டாங்களான்னு கேப்பீங்க. இருக்குங்க. என் வீட்டுக்காரர் நம்பர்தான் அதுல இருக்கு, அவர் நைட்டு ஒம்பது மணிக்கு மேலதான் போனையே எடுப்பார். அதுல வரதெல்லாம் ஆதார் ஜெராக்ஸ் கொண்டு வாங்க, பேங்க் பாஸ்புக் முதல் பக்கம் ஜெராக்ஸ், நாளைக்கு கலர் டிரஸ், நாளன்னைக்கு விடுமுறை, அப்புறம் விழா போட்டோ இருவத்தஞ்சு முப்பது, நடுவுல யாரோ ஒரு அப்பா தெனமும் குட்மார்னிங் பூப்படம் போடுவார். இதெல்லாம் வேண்டாம்னு சொல்லல, வேணுந்தான். ஆனா ஜூன்ல இருந்து அந்த குரூப்ப மேல தள்ளித் தள்ளி பாத்துட்டேன், இந்த வாரம் புள்ளைங்க இத கத்துக்கிட்டாங்கன்னு ஒரு வரி, ஒத்த வரி கிடையாது.

இப்ப நடந்தத சொல்றேன். இந்த வருசம் ரெண்டாம் பருவம் முடியற நேரம், பாப்பாவோட நோட்ல ஒரு குறிப்பு எழுதி கையெழுத்து வாங்கிட்டு வரச் சொல்லியிருந்தாங்க. "இனமாற்றக் கழித்தலில் பயிற்சி தேவை"ன்னு. எனக்கு ஒன்னுமே புரியலீங்க. நான் பத்தாவது பாஸ், கணக்குல 70க்கு மேல வாங்குனவ, எனக்கே இனமாற்றம்னா என்னன்னு தெரியல. பக்கத்து வீட்ல காலேஜ் படிக்கிற பையன்கிட்ட கேட்டு, அவன் போன்ல பாத்து, அக்கா அது கடன் வாங்கிக் கழிக்கறதுக்காங்கறான். அட இதுதானா, நம்மளுக்குத் தெரியாததான்னு ஞாயித்துக்கிழமை உக்காந்து சொல்லிக் குடுக்க ஆரம்பிச்சேன். 42ல 17 போகணும். ரெண்டுல ஏழு போகாது, பக்கத்து வீட்ல ஒன்னு கடன் வாங்கு, பன்னெண்டு ஆச்சான்னேன். அவ என்னையே பாத்துட்டு, ஒன்னுதானம்மா கடன் வாங்குன, அது எப்படி பத்தாச்சுங்கறா. அப்புறம் வாங்குன கடன எப்ப திருப்பிக் குடுக்கணும்னு வேற. வாரவட்டிக்காரருக்கு சனிக்கிழமை சனிக்கிழமை பணம் எண்ணிக் குடுக்கறத பாக்கற புள்ள, கேக்கத்தான செய்வா. எனக்கு பதில் தெரியல. பதில் தெரியாதப்போ பெரியவங்க என்ன செய்வோமோ அதத்தான் செஞ்சேன், கேள்வி கேக்காத போடுறின்னு அதட்டினேன். அழுதுட்டா. அதுக்கப்புறம் கழித்தல் கணக்குன்னாலே பென்சில் காணோம்பா, ஒன்னுக்கு வருதும்பா.

டீச்சர ஒரு நாள் லீவு போட்டு போய் பாத்தப்போதான் விசயம் தெரிஞ்சுச்சு. கிளாஸ்ல கடனே கிடையாதாம். பத்துப் பத்து குச்சியா கட்டி வச்சு, தனியா இருக்கற குச்சி பத்தலேன்னா ஒரு கட்டப் பிரிச்சுக்கோன்னு சொல்லித் தராங்களாம். நாலு கட்டு ரெண்டு குச்சி, ஒரு கட்டப் பிரிச்சா மூணு கட்டு பன்னெண்டு குச்சி, அதுல ஏழு குச்சியும் ஒரு கட்டும் எடுத்தா மிச்சம் ரெண்டு கட்டு அஞ்சு குச்சி, 25. அவ்ளோதான். அவ கேட்டாளே ஒன்னு எப்படி பத்தாச்சுன்னு, அதுக்கு பதில் அந்தக் கட்டுதான். கிளாஸ்ல புரிய ஆரம்பிச்ச புள்ளைய வீட்ல உக்கார வச்சு குழப்பிவிட்டது நான். டீச்சர் மேலயும் தப்பில்ல என் மேலயும் தப்பில்ல, ரெண்டு பேரும் ஒரே கணக்க ரெண்டு பக்கம் இழுத்திருக்கோம், நடுவுல புள்ள. முன்னாடியே "இந்த வாரம் கட்டு பிரிச்சு கழிக்கறோம், வீட்ல வெளக்கமாத்துக் குச்சி பத்துப் பத்தா கட்டிக் குடுங்க"ன்னு ரெண்டு வரி தெரிஞ்சிருந்தா வேல முடிஞ்சிருக்கும்.

எங்க கம்பெனில இன்லைன் செக்கிங்னு ஒன்னு இருக்குங்க. லைன் ஓடிக்கிட்டு இருக்கறப்பவே ஒவ்வொரு மெசின்கிட்டயும் போய் நாலு பீஸ் எடுத்துப் பாக்கணும், தையல் தப்பா விழுந்தா அங்கயே அப்பவே அந்த டைலர்கிட்ட சொல்லணும், அவர் நூல் டென்சன சரி பண்ணிக்குவார், முடிஞ்சுது. அத விட்டுட்டு எல்லாம் தச்சு அயர்ன் பண்ணி பாக்ஸ் போடறப்போ கண்டுபிடிச்சா மொத்த லாட்டும் ஆல்ட்டருக்கு, அதாவது பிரிச்சுத் திரும்பத் தைக்கறதுக்குப் போகும், எல்லாருக்கும் ராத்திரித் தூக்கம் போச்சு. ஒரு டீசர்ட்டுக்கே இவ்ளோ பாக்கறோம். புள்ளைக்கு மட்டும் பருவம் முடியறப்போதான் சேதி வருது. (புள்ளையும் பனியனும் ஒன்னான்னு கேக்காதீங்க, எனக்குத் தெரிஞ்ச தொழில வச்சுத்தான என்னால சொல்ல முடியும்.)

சரி இது நடக்காத காரியமான்னா, நடந்துச்சுங்க, போன வருசம் எங்க ஸ்கூல்லயே நடந்துச்சு. பாப்பா ரெண்டாங்கிளாஸ் படிச்சப்போ இருந்த டீச்சர் வெள்ளிக்கிழமை பொழுதோட ஸ்கூல் விடறப்போ கேட்டுக்கு பக்கத்துல ஆணில ஒரு பழைய சிலேட்ட மாட்டி வச்சுட்டுப் போவாங்க. பெரிய போர்டெல்லாம் இல்ல, ஓரத்துல மரம் கழண்டு போன சிலேட்டு. அதுல நாலு வரி. இந்த வாரம் என்ன கத்துக்கிட்டோம், தமிழ்ல ஒன்னு கணக்குல ஒன்னு. அப்புறம் வீட்ல கேக்கறதுக்கு ஒரு கேள்வி. கடைசியா அடுத்த வாரம் என்னன்னு. அவ்ளோதான். அதுவும் டீச்சர் எழுதறதில்ல, அவங்க சொல்லச் சொல்ல அஞ்சாங்கிளாஸ் புள்ளைங்க யாராச்சும் எழுதுவாங்க, அதனால சில வாரம் றகரம் ரகரம் மாறியிருக்கும், அடுத்த வாரம் திருத்தியிருக்கும். ஞாயித்துக்கிழமை பூரா அது அங்கயே தொங்கும், யாரும் எடுத்துட்டுப் போகல.

அந்த சிலேட்டு செஞ்ச வேலைய சொன்னா நம்ப மாட்டீங்க. எங்க மாமியாருக்குப் படிக்கத் தெரியாதுல்ல, கூட்டிட்டு வரப்போ பாப்பாவ நிக்க வச்சு என்ன எழுதியிருக்குன்னு படிக்கச் சொல்லுவாங்க. அவ எழுத்துக் கூட்டி படிப்பா. அப்பத்தாவுக்குப் படிச்சுக் காட்டறேங்கற கெத்துலயே அவளுக்கு வாசிப்பு வந்துச்சுங்க, நான் அடிச்சுச் சொல்லுவேன். எங்க லைன் வீட்ல ஒடிசாக்காரங்க ஒரு குடும்பம் இருக்காங்க, அவங்க பையனும் அதே கிளாஸ். அந்த அப்பாவுக்கு தமிழ் பேசவே இப்பதான் வருது, எழுத்து சுத்தமா தெரியாது. அவர் வெள்ளிக்கிழமை நைட்டு வந்து சிலேட்ட போன்ல போட்டோ எடுத்துட்டுப் போய் பையன்கிட்ட காட்டி, இது என்னன்னு ஒடியால சொல்லச் சொல்லுவார். பையன் தமிழ்ல படிச்சு ஒடியால சொல்லுவான். ரெண்டு மொழிக்கும் வேல. அத எந்த டியூசன்ல சொல்லித் தர முடியும்?

ஒரு வாரம் சிலேட்ல "அடுத்த வாரம் சாண், முழம் வைத்து அளக்கப் போகிறோம்"னு இருந்துச்சு. எனக்கு ஒரே சந்தோசம், ஏன்னா இது நம்ம ஏரியா, நாள் பூரா இஞ்ச்டேப்போட தான சுத்தறேன். சனிக்கிழமை சம்பளம் வாங்கிட்டு வரப்போ பழைய இஞ்ச்டேப் ஒன்னு வாங்கிட்டு வந்தேன். ஞாயித்துக்கிழமை பாப்பா வீட்ல இருக்கற எல்லாத்தையும் அளந்து பாத்தா, கதவு, கட்டில், அப்பா கால், பூனை. பூனை நிக்கல. அப்புறம் கடைத்தெருவுக்குப் போனப்போ பூக்காரம்மா மொழம் போட்டுக் குடுத்தாங்க, இவ கைய நீட்டி ஒரு மொழம் போட்டுப் பாத்துட்டு, உங்க மொழமும் என் மொழமும் வேறயா இருக்கு, அப்ப காசு எப்படி ஒன்னாகும்னு கேட்டுட்டா. பூக்காரம்மா சிரிச்சு, உன் கைல அளந்தா எனக்கு லாபம் கண்ணுன்னு சொல்லி ரெண்டு பூ எச்சா குடுத்தாங்க. திங்கக்கிழமை கிளாஸ்ல இதப் போய் சொல்லியிருக்கா, டீச்சர் அதையே எடுத்து வச்சுக்கிட்டு அதனாலதான் ஸ்கேல் வந்துச்சு மீட்டர் வந்துச்சுன்னு பாடத்த நடத்தியிருக்காங்க. ஒரு வரி தெரிஞ்சதுக்கு இவ்ளோங்க.

அந்த டீச்சர் போன மே மாசம் கவுன்சிலிங்ல சொந்த மாவட்டத்துக்கு ட்ரான்ஸ்பர் வாங்கிட்டுப் போயிட்டாங்க. சிலேட்டும் போச்சு. ஆணி இன்னும் இருக்கு.

ஒரு டீச்சரோட நல்ல மனசு மட்டும்தான் இதுக்கு வழியான்னா இல்லீங்க. நான் பள்ளி மேலாண்மைக் குழுல மெம்பர். அதுல முக்கால்வாசிப் பேர் பெத்தவங்களா இருக்கணும், பாதிப் பேர் பொம்பளைங்களா இருக்கணும்னு சட்டம், அந்தக் கணக்குல என்னையும் சேத்தாங்க. அப்ப ஒரு பயிற்சி குடுத்தாங்க, அதுல இருந்துதான் கல்வி உரிமைச் சட்டம்னா என்னன்னு தேடிப் படிச்சேன். 2009ல போட்ட சட்டம், 2010 ஏப்ரல் ஒன்னாந்தேதி நடைமுறைக்கு வந்துச்சு. அதுல 24வது பிரிவு ஆசிரியர்களோட கடமைகளச் சொல்லுது. நேரத்துக்கு வரணும், பாடத்த முடிக்கணும்ங்கறதோட கூட, பெத்தவங்கள அடிக்கடி கூட்டி புள்ள ஒழுங்கா வருதா, கத்துக்கற திறமை எப்படி இருக்கு, எவ்ளோ முன்னேறியிருக்குன்னு தெரிவிக்கணும்னும் இருக்கு. அப்ப அந்த சிலேட்டு டீச்சரோட பெருந்தன்மை மட்டும் இல்ல, சட்டத்துல எங்களுக்கு சேர வேண்டியதுதான். பதினஞ்சு வருசத்துக்கு மேலயே இருக்குது, எங்களுக்கு யாரும் சொல்லல, நாங்களும் கேக்கல.

குழு கூட்டத்துலயாவது பேசலாமேன்னா, கூட்டம் வெள்ளிக்கிழமை மத்தியானம் வைப்பாங்க. பனியன் கம்பெனில வெள்ளிக்கிழமை மத்தியானம் வெளிய வரது எப்படின்னு சூப்பர்வைசர்கிட்ட கேட்டுப் பாருங்க, அரை நாள் சம்பளம் போறது மட்டுமில்ல, அந்த வாரம் சரக்கு ஏத்தற லோடிங் இருந்தா மூஞ்சில அடிச்ச மாதிரி பேச்சும் வாங்கணும். அப்படியும் நான் அஞ்சாறு தடவ போயிருக்கேன். காம்பவுண்டு சுவரு, தண்ணி டேங்க், பாத்ரூம் கதவு, பள்ளிக்கு முன்னாடி குப்பை போடறது, இதுலயே நேரம் போயிரும். இதெல்லாம் பேச வேண்டியதுதான், பாத்ரூமுக்கு கதவில்லாம எந்தப் பொண்ணு ஸ்கூலுக்கு வரும். ஆனா நான் போன ஒரு கூட்டத்துல கூட இந்த மாசம் புள்ளைங்க என்ன படிச்சாங்கன்னு ஒருத்தரும் பேசல. ஒரு தடவ நான் கேட்டேன். எல்லாரும் திரும்பி பாத்தாங்க, யார் மேலயோ நான் கம்ப்ளைன்ட் குடுக்கற மாதிரி.

எண்ணும் எழுத்தும் திட்டம் நல்ல திட்டம்னுதான் சொல்லுவேன். 2022 ஜூன்ல திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்துல முதலமைச்சர் ஆரம்பிச்சு வச்சாங்க, கொரோனால ஸ்கூல் மூடிக் கிடந்ததுல புள்ளைங்க எழுத்தயே மறந்து போயிருந்தாங்க, அதுக்காக 2025க்குள்ள எட்டு வயசுக்குள்ள இருக்கற எல்லாரும் எழுதப் படிக்க கணக்குப் போட கத்துக்கணும்னு குறி வச்சாங்க. அதுல புள்ளைங்கள அரும்பு மொட்டு மலர்னு மூணு நிலையா பிரிச்சு, அவங்கவங்க எந்த நிலையோ அதுக்கு ஏத்த பயிற்சி. பேரே அழகா இருக்கு. ஆனா எம்புள்ள அரும்பா மொட்டா மலரான்னு எனக்குத் தெரியாதுங்க. டீச்சருக்குத் தெரியும், ஆப்ல ஏத்தறதால சென்னைக்குத் தெரியும். மூணு கிலோமீட்டர் தள்ளி வேலை பாக்கற எனக்குத் தெரியாது.

இதுல இன்னொன்னும் சொல்லணும். இந்த அரும்பு மலர எல்லார் முன்னாடியும் போர்டுல எழுதிப் போடுங்கன்னு நான் கேக்க மாட்டேன். போட்டா என்னாகும்னு எனக்குத் தெரியும், தண்ணி புடிக்கற எடத்துல அவ புள்ள மலராம் உம்புள்ள இன்னும் அரும்பாமேன்னு பேச்சு வரும், அன்னைக்கு நைட்டு நாலு வீட்ல புள்ளைங்களுக்கு அடி விழும். கிளாஸ் மொத்தமும் என்ன கத்துக்குதுங்கறத வெளிய போடுங்க, என் புள்ள எங்க நிக்கறாங்கறத என்கிட்ட மட்டும் சொல்லுங்க.

என் பெரியவன் இப்ப ஒம்பதாவது. அவன் சின்ன கிளாஸ் படிச்சப்போ செயல்வழிக் கற்றல்னு ஒன்னு இருந்துச்சு. சென்னை மாநகராட்சி பள்ளிகள்ல 2003ல ஆரம்பிச்சு அப்புறம் மாநிலம் பூரா வந்தது. கிளாஸ் ரூம்ல அட்டைய அடுக்கி வச்சிருப்பாங்க, செவுத்துல ஏணி மாதிரி ஒரு படம் ஒட்டியிருக்கும், ஒவ்வொரு படிக்கும் முயல் மயில்னு ஒரு சின்னம், புள்ளைங்களே போய் தன்னோட படிக்கான அட்டைய எடுத்து வந்து படிக்கும். அத பலபேர் திட்டினாங்க, நானும் திட்டியிருக்கேன், என்னடா இது புள்ளைங்கள தரைல உக்கார வச்சு சீட்டு விளையாட விட்டுட்டாங்கன்னு. ஆனா இப்ப யோசிச்சா ஒரு நல்லது இருந்துச்சு, எப்பயாவது போனா அந்த ஏணிய காட்டி, அம்மா நான் இந்தப் படில இருக்கேன், அடுத்து இதுன்னு அவனே சொல்லிருவான். அந்த ஏணி எனக்கும் பாக்கக் கெடச்சுதுல்ல.

பிரைவேட் ஸ்கூல்ல டைரி இருக்கே, வாரா வாரம் சீட்டு வருதேன்னு சொல்றவங்களுக்கு ஒன்னு. என் நாத்தனார் பையன் மெட்ரிக்ல படிக்கறான், அந்த சீட்ட வாங்கிப் பாத்தேன். பூரா இங்கிலீசு. எந்தப் பாடத்துல எந்தப் பக்கம் முடிக்கணும், எத்தன தடவ எழுதணும், பீஸ் கடைசித் தேதி. புள்ள என்ன கத்துக்குதுன்னு அதுலயும் ஒரு வரி இல்ல. என் நாத்தனார் அத அப்படியே டியூசன் அக்காகிட்ட குடுத்துருவா, மாசம் ஐநூறு. ஆக அரசுப் பள்ளி மட்டமா பிரைவேட் ஒசத்தியாங்கற பேச்சுக்கு நான் வரல, பணம் கட்டற எடத்துலயும் இதே கதைதான்.

டீச்சருங்க பக்கமும் தெரியாம பேசல. எங்க ஸ்கூல் ஈராசிரியர் பள்ளிதான், அஞ்சு கிளாசுக்கு ரெண்டே டீச்சர், அதுல ஒருத்தங்கதான் ஹெச்எம். காலைல வந்ததும் ஆப்ல அட்டென்டன்ஸ், அப்புறம் என்னென்னமோ ரெஜிஸ்டர், யாராவது பாக்க வருவாங்க, மீட்டிங்னு ஒருத்தர் போயிட்டா அன்னைக்கு அஞ்சு கிளாசும் ஒருத்தர் தலைல. தேர்தல் மக்கள்தொகை கணக்கெடுப்பு வந்தா அதுக்கும் அவங்கதான். இதுக்கு மேல வாரா வாரம் ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியா எழுதுன்னு சொன்னா அது பாவம். அதனாலதான் நாலு வரின்னு சொல்றேன். தொடக்கப் பள்ளிக்கு வருசத்துக்கு 200 நாள்னு சட்டத்துல இருக்கு, வாரத்துக்கு அஞ்சு நாள்னா 40 வாரம், வாரத்துக்கு நாலு வரி, ஒரு கிளாசுக்கு வருசம் பூராவும் 160 வரி. இந்த லெட்டர நான் எழுதி முடிக்கறப்போ அதுக்கு மேலயே வந்துரும் போல இருக்கு.

அப்புறம் ஒரு பயம். இத யாராவது அதிகாரி படிச்சுட்டு நல்ல யோசனைன்னு சொல்லி ஆர்டர் போட்டுருவாங்களோன்னு. போட்டா என்னாகும், "வாராந்திர கற்றல் அறிவிப்புப் பலகை"ன்னு ஒரு பேர் வைப்பாங்க, எட்டு கட்டம் போட்டு ஒரு படிவம் வரும், பலகைய போட்டோ எடுத்து ஆப்ல ஏத்தணும்பாங்க, ஏத்தாதவங்களுக்கு மெமோ. அப்புறம் டீச்சர் எங்களுக்காக எழுத மாட்டாங்க, போட்டோவுக்காக எழுதுவாங்க, "இனமாற்றக் கழித்தல்"னு கொட்டை எழுத்துல எழுதிட்டு போயிருவாங்க. அய்யா சாமி, அது வேண்டாம். புதுசா ஒன்னும் சேக்க வேண்டாம், இருக்கற ரெஜிஸ்டர்ல ஒன்னக் கொறைச்சுட்டு அந்த நேரத்த சிலேட்டுக்கு விட்டாப் போதும்.

எழுதறப்போ எங்க பாசைல எழுதுங்க, அது மட்டும் ரொம்ப முக்கியம். "இடமதிப்பை உணர்தல்"னு எழுதினா நான் என்ன பண்ண முடியும். "23ல இருக்கற 2ன்னா எவ்ளோன்னு கேளுங்க, ரெண்டுன்னு சொன்னா இன்னும் புரியலேன்னு அர்த்தம், இருவதுன்னு சொல்லணும்"னு எழுதுனா பஸ்ல போறப்பவே டிக்கெட்ட காட்டி கேட்டுருவேன். "பிரித்து எழுதுக பகுதி முடிந்தது"ன்னு எழுதறதுக்கு பதிலா "வீட்டுக்கு வர வழில இருக்கற கடைப் பேரெல்லாம் படிக்கச் சொல்லுங்க"ன்னு எழுதினா எங்க மாமியாரே பாத்துக்குவாங்க. எங்களுக்கு ஹோம்வொர்க் சொல்லிக் குடுக்க நேரமில்லீங்க, ஆனா சோறு ஊட்டறப்போ, தலை சீவறப்போ, வண்டில முன்னாடி உக்கார வச்சுட்டுப் போறப்போ ஒரு கேள்வி கேக்க நேரமிருக்கு. எந்தக் கேள்வின்னுதான் தெரியல.

இத வீட்டுக்காரர்கிட்ட படிச்சுக் காட்டினேன். சொல்லிக் குடுக்கறது அவங்க வேலை, நமக்கு எதுக்கு இந்த வெசனம்னார். சரிங்க, உங்க டேபிளுக்கு வர கட்டிங்ல என்ன அளவுன்னு சொல்லாம பீஸ மட்டும் குடுத்தா தைப்பீங்களான்னு கேட்டேன். அதுக்கு பதில் சொல்லல, ஆனா அந்த வாட்சப் குரூப்ல என் நம்பரையும் சேக்கச் சொல்லி மெசேஜ் போட்டுட்டார்.

நாங்க எங்க பக்கம் என்ன செய்யறதுன்னு லைன் வீட்ல நாலு அம்மாக்கள் பேசியிருக்கோம். போன வாரம் நான் புது சிலேட்டு ஒன்னு, ஒரு டப்பா சாக்பீஸ் வாங்கி வச்சிருக்கேன், அம்பது ரூவா கூட ஆகல. நாளைக்கு காலைல கம்பெனிக்குப் போறதுக்கு முன்னாடி ஹெச்எம் கைல குடுத்துட்டு, கட்டாயமில்லீங்க, முடிஞ்ச வாரம் எழுதுங்க, யார் கிளாஸ் பத்தியும் நாங்க குறை சொல்ல மாட்டோம்னு சொல்லப் போறேன். இந்த லெட்டர படிக்கிற டீச்சருங்க யாராவது இதுல என்ன சிக்கல் வரும், எப்படிச் செஞ்சா உங்களுக்கு பாரமில்லன்னு இதே பக்கத்துக்கு எழுதினீங்கன்னா பெரிய உபகாரமா இருக்கும், ஏன்னா கேட்டுக்கு வெளிய நின்னு பேசறவங்களுக்கு உள்ள இருக்கற கஷ்டம் முழுசா தெரியாது. நீங்களும் கொஞ்சம் எடம் ஒதுக்கி போடுங்க சார், வெட்டறதா இருந்தா பூனைய அளந்த கதைய வெட்டிக்கோங்க, குச்சிக் கட்டு கதைய மட்டும் விட்டுருங்க. அத படிச்சுட்டு எந்த வீட்லயாவது ஒரு அம்மா அதட்டாம இருப்பாங்க.

இப்படிக்கு,
மூணாங்கிளாஸ் புள்ளையோட அம்மா,
திருப்பூர்.